விண்டோஸ் 11 போடும் முன்: "இந்தக் கணினி தேறாது" என்று வந்தால் எதை எதைப் பார்ப்பது?

#1 கடைக்கணினி

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. கடையில மூணு டெஸ்க்டாப் இருக்கு. 11 ஏறுமான்னு பார்க்கணும்.

அ: ஐ5-8400, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி + 1 டிபி ஹார்ட் டிஸ்க். ரெண்டாவது மானிட்டருக்காக ஜீஃபோர்ஸ் 210 கார்டு.
ஆ: ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு, 8 ஜிபி, 256 ஜிபி என்விஎம்இ.
இ: ஐ3-4150, எச்81 போர்டு, 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 32 பிட். பழைய டாஸ் பில்லிங் இதுலதான் ஓடுது.

மைக்ரோசாஃப்ட் தளத்துல "1 கிகாஹெர்ட்ஸ், 2 கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்"னு போட்டிருக்கு. அப்படிப் பார்த்தா மூணுமே தேறணும். ஆனா மைக்ரோசாஃப்டோட சோதனைக் கருவியான பிசி ஹெல்த் செக் அ, ஆ ரெண்டுலயும் சிவப்பு காட்டுது. எதை நம்புறது?

#2 சில்லுவண்டு

அந்த 1 கிகாஹெர்ட்ஸ் வரியை மறந்துவிடுங்கள். ஐ7-7700கே 4.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப், தேறாது. செலரான் என்4020 வெறும் 1.1 கிகாஹெர்ட்ஸ், தேறும். தீர்மானிப்பது வேகம் இல்லை, மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பிராசசர் பட்டியல். இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்து. 7ஆம் தலைமுறையில் கோர் எக்ஸ் வரிசை, சில ஜியான், குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டும் ஐ7-7820எச்க்யூ என்று விதிவிலக்குகள் உண்டு. கடைக் கணினியில் அவை இருக்க வாய்ப்பில்லை. ஏஎம்டியில் ஜென்+ என்ற சிப் வடிவமைப்பு முதல்.

பிசி ஹெல்த் செக்கில் "தேறாது" என்ற முதல் திரையோடு நிறுத்தாதீர்கள். கீழே எல்லா முடிவுகளையும் காட்டும் பட்டனை அழுத்தினால் பிராசசர், டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி), ரேம், டிஸ்க் என்று தனித்தனியாக வரும். பிராசசர் வரி சிவப்பு என்றால் அது சுவர். டிபிஎம், செக்யூர் பூட் சிவப்பு என்றால் பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டின் சொந்த அமைப்புத் திரை) யாரும் போடாமல் விட்ட சுவிட்ச். இரண்டு கணினியின் வரிகளையும் இங்கே போடுங்கள்.

#3 கடைக்கணினி

அ: டிபிஎம், செக்யூர் பூட் ரெண்டும் சிவப்பு. பிராசசர் பச்சை.
ஆ: பிராசசர் மட்டும் சிவப்பு. மத்ததெல்லாம் பச்சை.

ஆ-வுல இருக்கறது ரைசன் 2000 வரிசைதானே? 2600 பட்டியல்ல இருக்கே, 2200ஜி ஏன் இல்ல?

#4 போர்டுராசு

பேருதான் 2000, உள்ள இருக்கறது முதல் தலைமுறை ஜென். 2200ஜி, 2400ஜி ரெண்டும் அப்படித்தான். லேப்டாப்ல 2500யு-வும் அதே கதை. அதே மாதிரி 3200ஜி பேரு 3000, உள்ள ஜென்+, அதனால பாஸ். ஏஎம்டி காரங்க பேர் வைக்கிற அழகுக்கு தனி இழையே போடலாம்.

அ-வுக்கு வருவோம். அதுதான் சுலபமா ஏறப்போற கணினி, ஆனா அவசரப்பட்டா பூட் ஆகாம நிக்கப்போறதும் அதுதான். முதல்ல பயாஸ் பக்கம் போகாதீங்க. விண்டோஸ்லயே ரெண்டு விஷயம் பாருங்க:

ரன் பெட்டியில எம்எஸ்இன்ஃபோ32 அடிங்க. அதுல "பயாஸ் மோட்" வரியில லெகசியா (பழைய பூட் முறை), யுஇஎஃப்ஐயா (புது முறை, செக்யூர் பூட்டுக்கு இதுதான் வேணும்)?

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து எந்த டிஸ்க்ல சி இருக்கு, எந்தப் பார்ட்டிஷன் மேல "சிஸ்டம், ஆக்டிவ்"னு எழுதியிருக்குன்னு சொல்லுங்க. ரெண்டும் ஒரே டிஸ்க்கான்னு பாருங்க. இது முக்கியம்.

#5 கடைக்கணினி

பயாஸ் மோட் லெகசி. செக்யூர் பூட் ஸ்டேட் "அன்சப்போர்ட்டட்".

டிஸ்க் 0 = 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதுல முதல்ல "சிஸ்டம் ரிசர்வ்ட்", அதுமேல சிஸ்டம், ஆக்டிவ்னு இருக்கு. அப்புறம் டி, இ.
டிஸ்க் 1 = எஸ்எஸ்டி. சி மட்டும். "பூட், பேஜ் ஃபைல்"னு இருக்கு.

#6 போர்டுராசு

நினைச்சேன். விண்டோஸ் போடும்போது ரெண்டு டிஸ்க்கையும் மாட்டி வெச்சே போட்டிருக்காங்க. செட்அப் பூட் ஃபைலை எல்லாம் முதல் டிஸ்க்கான ஹார்ட் டிஸ்க்ல எழுதிட்டு, விண்டோஸை மட்டும் எஸ்எஸ்டியில போட்டிருக்கு. இன்னிக்கு அந்த ஹார்ட் டிஸ்க் செத்தா, நல்லா இருக்கற எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. விண்டோஸ் 11 போடாட்டியும் இதைச் சரிபண்ணணும்.

நமக்கு வேண்டியது எஸ்எஸ்டியை எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் அமைப்புலேர்ந்து, யுஇஎஃப்ஐ பூட்டுக்கு வேண்டிய ஜிபிடிக்கு மாத்தறது. அதுக்கு விண்டோஸ் 10லயே எம்பிஆர்2ஜிபிடின்னு கருவி இருக்கு, 1703 பதிப்புலேர்ந்து. ஆனா பூட் ஃபைல் இருக்கற ஆக்டிவ் பார்ட்டிஷன் அந்த டிஸ்க்லயே இல்லாட்டி அது வேலிடேஷன்லயே கையை விரிச்சிடும். அதனால இந்த வரிசையில போங்க (கமாண்டையெல்லாம் ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க):

முதல்ல சி-யோட இமேஜ் பேக்கப், வெளி டிஸ்க்ல. இதைத் தாண்டிக் குதிக்கறவங்களுக்கு மேற்கொண்டு பதில் கிடையாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி-யை ரைட் கிளிக் பண்ணி ஆக்டிவா மார்க் பண்ணுங்க. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல: பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ். இப்ப பூட் ஃபைல் சி-யிலயும் வந்திடும்.

ஷட்டவுன் பண்ணி, ஹார்ட் டிஸ்க்கோட சாட்டா கேபிளைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. எஸ்எஸ்டி தனியா பூட் ஆச்சுன்னா வெற்றி. ஆகலையா, கேபிளைத் திருப்பி மாட்டினா பழைய நிலை, எதுவும் கெடல.

கேபிள் கழட்டின நிலையிலயே: எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ். "வெற்றி"ன்னு வந்தா வேலிடேட்டுக்குப் பதில் /கன்வெர்ட். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஹார்ட் டிஸ்க் டேட்டாவுக்குத்தானே, அது எம்பிஆராவே இருக்கட்டும், மாத்த வேண்டியதில்ல.

#7 நெல்லைநெட்

மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. வேலிடேஷன் தோற்பதற்கு இன்னொரு வழக்கமான காரணம் பார்ட்டிஷன் எண்ணிக்கை. எம்பிஆர் டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் இருக்கவே கூடாது. அசெம்பிள் செய்து தரும் கணினிகளில் ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று கூறுபோட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அப்படி இருந்தால் டி முதலானவற்றை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அழித்துவிட்டு, மாற்றம் முடிந்தபின் திரும்ப உருவாக்க வேண்டும். தோல்விக்கான காரணம் விண்டோஸ் ஃபோல்டரில் செட்அப்ஆக்ட் என்ற லாக் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். கடைசி இருபது வரிகளைப் படித்தால் போதும்.

கன்வெர்ட் முடிந்தபின் ரெக்கவரி வசதி அணைந்திருக்கலாம். ரீஏஜென்ட்சி /இன்ஃபோ போட்டுப் பாருங்கள். டிஸேபிள்டு என்றால் /எனேபிள்.

சி-க்கு 50 ஜிபி மட்டும் ஒதுக்கியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 64 ஜிபி என்பது டிஸ்க்கின் மொத்த அளவு என்று பலர் நினைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தரும் ஹார்ட்வேர் ரெடினஸ் ஸ்கிரிப்ட் சி பார்ட்டிஷனின் அளவைத்தான் எடுத்துப் பார்க்கிறது. 1 டிபி டிஸ்க்கில் 50 ஜிபி சி வைத்திருந்தாலும் அது தோல்விதான்.

#8 சில்லுவண்டு

அந்த ஜீஃபோர்ஸ் 210ஐ யாரும் கவனிக்கவில்லையே. அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று: விண்டோஸ் 11க்கு டைரக்ட்எக்ஸ் 12 கார்டும் டபிள்யூடிடிஎம் (விண்டோஸ் டிஸ்ப்ளே டிரைவர் மாடல்) 2.0 டிரைவரும் வேண்டும். 210 டைரக்ட்எக்ஸ் 10.1 காலத்து கார்டு. பிசி ஹெல்த் செக் கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிப்பதே இல்லை, அதனால் பச்சையும் வராது சிவப்பும் வராது. ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் போட்டு, டிஸ்ப்ளே தாவலில் "டிரைவர் மாடல்" வரியைப் பாருங்கள். அதில் உள்ள எண் 1 என்று தொடங்கினால் தேறாது.

இரண்டு, இதுதான் அபாயம்: யுஇஎஃப்ஐக்கு மாறும்போது பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைக்கிறோம். அந்த நொடியிலிருந்து கார்டின் சொந்த பயாஸ் யுஇஎஃப்ஐ பேச வேண்டும். பேசத் தெரியாத கார்டு மாட்டியிருந்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும், பயாஸுக்குள்ளும் போக முடியாது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் கருவியைப் போட்டால் கார்டின் பயாஸ் பதிப்பு வரிக்கு அருகில் யுஇஎஃப்ஐ என்று ஒரு சிறு கட்டம் தெரியும். அதில் டிக் இல்லை என்றால் சிஎஸ்எம்மை அணைக்கும் முன்பே கார்டைக் கழற்றுங்கள்.

ஐ5-8400இல் யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கேபிளை போர்டுக்கு மாற்றிக் குத்துங்கள். போர்டின் பின்னால் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருந்தால் இரண்டு மானிட்டரும் அதிலேயே ஓடும். 210க்கு வேலையே இல்லை.

#9 கடைக்கணினி

கார்டைக் கழட்டிட்டேன், ரெண்டு மானிட்டரும் போர்டுலயே வருது. எஸ்எஸ்டி தனியா பூட் ஆச்சு. கன்வெர்ட்டும் முடிஞ்சுது. இப்ப பயாஸ்ல என்ன மாத்தணும்? டிபிஎம் மாட்யூல்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அது வாங்கணுமா?

#10 போர்டுராசு

வாங்காதீங்க. போர்டுல 14 பின், 20 பின், 12 பின்னு ஆளுக்கொரு ஹெட்டர், மாத்தி வாங்கினா மாட்டவே முடியாது. அதைவிட முக்கியம், 8ஆம் தலைமுறை இன்டெல்ல டிபிஎம் 2.0 ஃபர்ம்வேராவே இருக்கு. பேரு பிடிடி. ஏஎம்டியில எஃப்டிபிஎம். சுவிட்ச் எங்கன்னா:

அசூஸ்: அட்வான்ஸ்டு, அதுக்குள்ள பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன், அங்க பிடிடி.
ஜிகாபைட்: பெரிஃபரல்ஸ் இல்லாட்டி மிஸலேனியஸ் பக்கத்துல இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி.
எம்எஸ்ஐ: செட்டிங்ஸ், செக்யூரிட்டி, டிரஸ்டட் கம்ப்யூட்டிங். செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்டை ஆன் பண்ணி, கீழ பிடிடி தேர்ந்தெடுக்கணும்.

பயாஸ் பதிப்பைப் பொறுத்து பேர் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆப்ஷனே காணோம்னா பயாஸ் அப்டேட் பண்ணிட்டுப் பாருங்க.

அடுத்து சிஎஸ்எம் டிஸேபிள். சேவ் பண்ணி விண்டோஸ் வருதான்னு பாருங்க. வந்தப்புறம்தான் திரும்பப் போய் செக்யூர் பூட். ரெண்டையும் ஒரே தடவையில மாத்தினா, பூட் ஆகலைன்னா எது காரணம்னு தெரியாது.

செக்யூர் பூட்டை ஆன் பண்ணியும் எம்எஸ்இன்ஃபோவுல "ஆஃப்"னே காட்டினா சாவி ஏத்தலைன்னு அர்த்தம். செக்யூர் பூட் பக்கத்துல மோடை ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க, இல்லாட்டி ஃபேக்டரி கீ நிறுவற ஆப்ஷனைக் குடுங்க.

#11 நெல்லைநெட்

லேப்டாப்பில் இதைச் செய்யப்போகிறவர்கள் பயாஸில் கை வைக்கும் முன் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் சஸ்பெண்ட் செய்துவிட்டு, 48 இலக்க ரெக்கவரி சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி போர்டில் பயாஸ் அப்டேட் அல்லது பிராசசர் மாற்றத்துக்குப் பின் முதல் ஆனில், எஃப்டிபிஎம்மின் உள்தகவல் மாறிவிட்டது, அழித்துப் புதிதாகத் தொடங்க ஒய், அப்படியே வைக்க என் என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால், பூட்டிய டிஸ்க்கைத் திறக்க வழியில்லை.

#12 கடைக்கணினி

அ முடிஞ்சுது! ஹெல்த் செக்ல எல்லாம் பச்சை. ஆனா விண்டோஸ் அப்டேட் பக்கத்துல இன்னும் "தேறாது"ன்னே நிக்குது.

#13 சில்லுவண்டு

அது பழைய சோதனையின் முடிவு. தானாகப் புதுப்பிக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நீங்கள் காத்திருக்க வேண்டாம், மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் அல்லது ஐஎஸ்ஓ (முழு நிறுவல் ஃபைல்) வழியாகப் போகலாம்.

#14 நெல்லைநெட்

ஐஎஸ்ஓ வழியே போகிறவர் நிறுவும் முன் ஒத்திகை பார்க்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து, அட்மின் பிராம்ப்ட்டில் அந்த டிரைவுக்குப் போய்:

ஸ்டார்ட் /வெயிட் செட்அப் /ஆட்டோ அப்கிரேட் /கொயட் /யூலா அக்செப்ட் /கம்பேட் ஸ்கேன்ஒன்லி

எதையும் நிறுவாது, சோதனையோடு வெளியேறும். பின் எக்கோ போட்டு எரர்லெவல் எண்ணைப் பாருங்கள்.

-1047526896: தடை ஏதும் இல்லை.
-1047526904: ஏதோ ஒரு மென்பொருளோ டிரைவரோ ஒத்துப்போகவில்லை.
-1047526912: ஹார்ட்வேர் குறைந்தபட்சத் தேவையையே எட்டவில்லை.
-1047526898: டிஸ்க்கில் இடம் போதாது.

904இல் முடிந்தால் சி-யில் மறைந்திருக்கும் விண்டோஸ் பிடி ஃபோல்டருக்குள் பேந்தர் என்ற இடத்தில் கம்பேட்டேட்டா எனத் தொடங்கும் எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். எந்த டிரைவர், எந்த மென்பொருள் தடுக்கிறது என்று பெயரோடு அதில் எழுதியிருக்கும். ஹெல்த் செக் ஹார்ட்வேரை மட்டும் பார்க்கும். இது உங்கள் கணினியில் உள்ள மென்பொருளையும் சேர்த்துப் பார்க்கும்.

#15 ரூஃபஸ்தாசன்

ஆ-வுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? ரூஃபஸ்ங்கற கருவியில விண்டோஸ் நிறுவற பென்டிரைவ் போடும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனையை நீக்கற டிக் இருக்கு. பிராசசர் தடைக்கு ரிஜிஸ்ட்ரியில ஒரு வேல்யூ. 2200ஜியில 11 வெண்ணெய் மாதிரி ஓடும்.

#16 சில்லுவண்டு

ஓடும் என்பதில் சந்தேகமில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் பிராசசரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் இல்லையென்றால் எந்தக் குறுக்கு வழியிலும் பூட் ஆகாது. கோர் 2 டுவோ அங்கேயே நின்றுவிடும். 2200ஜியில் இரண்டும் உண்டு.

என் மறுப்பு வேறு. ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மாதாந்திர அப்டேட் வந்தாலும் வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் நீங்களே ஐஎஸ்ஓ எடுத்து அதே வித்தையைத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டுக் கணினி என்றால் செய்யுங்கள். பில் போடும் கணினியில் வேண்டாம்.

ஆ-வுக்கு மலிவான நேர்வழி இருக்கிறது. பி450 ஏஎம்4 சாக்கெட். 3200ஜி, 3400ஜி இரண்டும் பட்டியலில் உண்டு, உள்ளேயே கிராஃபிக்ஸும் உண்டு. 5600ஜியும் மாட்டலாம். எதை மாட்டினாலும் பழைய 2200ஜி இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டியபின் திரை வரவில்லையென்றால் அப்டேட் செய்ய வழியிருக்காது. ஏற்கெனவே தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 2600 போதும். அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது.

#17 ரூஃபஸ்தாசன்

பில்லிங் கணினின்னா சரி, ஒத்துக்கறேன். இப்போதைக்குக் காசு செலவு பண்ண முடியலைன்னா இன்னொண்ணு: விண்டோஸ் 10க்கே நீட்டிப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் உண்டு. பதிப்பு 22எச்2 இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேரணும். டொமைன்ல சேர்ந்த ஆபீஸ் கணினிக்கு இந்த வழி கிடையாது.

#18 கடைக்கணினி

ஆ-வுக்கு 3200ஜி பார்க்கறேன். இ-யை என்ன பண்றது? அதை மாத்திட்டு பழைய ஆபீஸ் மினி பிசி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். "ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி"ன்னு விலை சொல்றாங்க.

#19 போர்டுராசு

"ஐ5"ன்னு மட்டும் சொன்னா எதையும் சொல்லலைன்னு அர்த்தம். ஐ5 2009லேர்ந்து வருது. முழு எண்ணைக் கேளுங்க. கோடுக்கு அப்புறம் 8-ல தொடங்கற நாலு இலக்கம், 9-ல தொடங்கறது, இல்ல 10, 11னு தொடங்கற அஞ்சு இலக்கம்னா சரி.

மாடல் எண்ணும் உதவும். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3050, 7050 தேறாது. 3060, 7060 தேறும். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 தேறாது, ஜி4 தேறும். லெனோவோ எம்710க்யூ தேறாது, எம்720க்யூ தேறும். லேப்டாப்புல ஏமாறக்கூடிய இடம் திங்க்பேட் டி480: பெரும்பாலும் 8ஆம் தலைமுறை, ஆனா 7ஆம் தலைமுறை ஐ5-7200யு, 7300யு போட்டும் வந்திருக்கு. வெளித்தோற்றத்துல வித்தியாசமே தெரியாது. ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர்ல பிராசசர் பேரைப் பார்க்காம காசு குடுக்காதீங்க.

அதே திரையில மெமரி பக்கத்துல "ஸ்லாட்ஸ் யூஸ்டு" பாருங்க. 1/2ன்னா பின்னாடி இன்னொரு 8 ஜிபி போட இடம் இருக்கு. 4 ஜிபின்னு எழுதியிருக்கறது செட்அப் அனுமதிக்கற அளவு. வேலை செய்யற அளவு 8லதான் தொடங்குது.

#20 நெல்லைநெட்

இ விஷயத்தில் ஹார்ட்வேரைவிடப் பெரிய தடை 32 பிட். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ் பில்லிங் 16 பிட் நிரலாக இருந்தால், 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. கம்பேட்டிபிலிட்டி மோட் போட்டும் பயனில்லை, 16 பிட் நிரலை ஓட்டும் அடுக்கே 64 பிட்டில் இல்லை. புதுக் கணினி வாங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் (டாஸ் நிரலை விண்டோஸுக்குள் ஓட்டித் தரும் மென்பொருள்கள்) இரண்டில் ஒன்றை இப்போது அ-வில் போட்டு, பில்லிங் ஃபோல்டரின் நகலை அதில் ஓட்டிப் பாருங்கள். அசலைத் தொடாதீர்கள். பில் எண், தேதி, ஸ்டாக் மூன்றும் சரியாக வருகிறதா என்று பார்க்கவும். பிரிண்டர் என்ன, எந்த போர்ட்?

#21 கடைக்கணினி

விடாஸ்ல பில் ஸ்கிரீன் வந்திடுச்சு, ரிப்போர்ட்டும் சரியா இருக்கு. பிரிண்டர் பழைய 9 பின் டாட் மேட்ரிக்ஸ், போர்டு பின்னாடி 25 பின் பேரலல் போர்ட். மினி பிசியில அந்த போர்ட் கிடையாதுன்னாங்க, யுஎஸ்பி கேபிள் தர்றேன்னாங்க.

#22 நெல்லைநெட்

யுஎஸ்பி-பேரலல் கேபிள் விண்டோஸில் யுஎஸ்பி பிரிண்டர் போர்ட்டாகத்தான் தெரியும், எல்பிடி1 (பேரலல் போர்ட்டுக்கு டாஸ் வைத்த பெயர்) ஆக வராது. டாஸ் நிரலோ எல்பிடி1க்கு மட்டுமே அனுப்பத் தெரிந்தது. ஆகவே விடாஸின் கான்ஃபிக் ஃபைலில் எல்பிடி1ஐ விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிட வேண்டும். விண்டோஸில் அந்த பிரிண்டரை "ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரில் நிறுவுங்கள். கம்பெனி டிரைவர் போட்டால் எழுத்தை எல்லாம் படமாக்கி அனுப்பும். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

கேபிளை கடையிலேயே அ-வில் மாட்டி, சுருக்கிய (கண்டென்ஸ்டு) எழுத்தில் வரும் 80 எழுத்து அகல பில் ஒன்று முழுதாக அடித்துப் பார்த்துவிட்டு மினி பிசிக்கு முன்பணம் கொடுங்கள்.

#23 கடைக்கணினி

டெக்ஸ்ட் ஒன்லியில போட்டேன். பில் வேகமா வருது, ஆனா ஒவ்வொரு பில்லுக்கும் அப்புறம் ஒரு முழுத்தாள் வெறுமையா தள்ளுது.

#24 நெல்லைநெட்

தாள் அளவு ஏ4 ஆக இருக்கும், உங்கள் பில் தாள் அதைவிடக் குட்டை. பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் உங்கள் தாளின் உயரத்துக்குப் புதிய ஃபார்ம் ஒன்று உருவாக்கி, அதை இந்த பிரிண்டருக்குத் தேர்ந்தெடுங்கள். 12 அங்குலத் தொடர்தாளைப் பாதியாகப் பயன்படுத்தினால் உயரம் 6 அங்குலம்.